பதினோரு பட்டை

காலை ஆறு மணிக்கு வந்த போனில் கிரேசி நலம்கூட விசாரிக்கவில்லை.

"பெமிலா, இலை மூத்தாச்சு. காம்புல தேன் துளிச்சு நிக்குது. நான் விரலால தொட்டு நக்கிப் பாத்துட்டுத்தான் விளிக்கேன்."

நெய்யூரில் வீட்டின் பின்புறம் பல் தேய்த்துக்கொண்டிருந்த பெமிலா, வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, "நெசமாவாக்கா?" என்று கத்தினாள். தென்னைகளுக்கு அடியில் வரிசையாக நின்ற நூற்று இருபது தேன்பெட்டிகளும் அந்தச் சத்தத்தைக் காதில் வாங்காமல் தம் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தன.

கிரேசி, குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் சூப்பர்வைசர். ரப்பர் மரம் தை மாதத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர்க்கும். தளிர் பச்சையாகத் திரும்பும்போது இலைக்காம்பில் தேன் கசியும். அதுவும் ஆறேழு வாரம்தான். அந்த நேரத்தில் தேன்பெட்டிகளைக் கொண்டுபோய் மரங்களுக்கு நடுவில் வைத்தவருக்கு அந்த வருஷம் தேன் உண்டு. வைக்காதவர் அடுத்த வருஷம் வரை தேனீக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து ஊற்ற வேண்டியதுதான்.

"கேளு," கிரேசி குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஆயிரம் பெட்டிக்காரனுக்க ஆளு நேத்தே வந்து மொதலாளியைப் பாத்துட்டுப் போயாச்சு. மொதலாளி உனக்கு வாக்குக் குடுத்திருக்கது நாளைக்குக் காலத்த ஆறு மணி வரைக்குமாக்கும். அதுக்கு முன்ன உனக்க பெட்டி எல்லாம் இஞ்ச எறங்கியிருக்கணும். இல்லேன்னா அவனுக்க லாரி உள்ள வந்திரும்."

"இன்னைக்குச் சாயங்காலமே ஏத்துதேன் அக்கா!"

ஆறு வருஷமாக அடுத்தவர்களுடைய தோட்டத்தில், அடுத்தவர்களுடைய பெட்டிகளுக்கு ஓரமாக, தன்னுடைய பத்துப் பதினைந்து பெட்டிகளுக்கு இடம் கேட்டு நின்றவள் பெமிலா. இந்த வருஷம்தான் ஒரு தோட்டம் முழுவதும் அவளுக்கென்று கிடைத்திருந்தது. போனை வைத்ததும் முற்றத்தில் நின்ற லாரியிடம் ஓடினாள்.

லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் கணவன் தேவகுமாரின் கால்கள்.

"இஞ்ச பாருங்க, கிரேசிக்கா விளிச்சா! இன்னைக்குச் சாயங்காலம் பெட்டி ஏத்தணும்!"

கால்கள் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது. "ஏட்டி, ஒண்ணு பறஞ்சா கோவப்படுவியா?"

பெமிலா ஓர் அடி பின்னால் போய் லாரியைப் பார்த்தாள். இருபத்தெட்டு வயதான அந்த மினி லாரியின் பின்பக்கம், இடுப்பு பிடித்துக்கொண்ட ஆள் மாதிரி இடது பக்கமாகச் சரிந்து நின்றது.

"ஸ்பிரிங்கா?"

"மெயின் பட்டை ஒடிஞ்சு கெடக்கு."

"இன்னைக்குப் பாத்தாக்கும் ஒடியணும்?"

"நேத்தே ஒடிஞ்சாச்சு. உங்கிட்டப் பறைய தைரியம் வரல்ல."

அவள் அந்தக் கால்களில் ஒன்றைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

வேறு லாரி பிடிக்கலாம் என்றால், தேனீ என்றதுமே யாரும் வரமாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் தக்கலை சந்தியில் ஒரு வாடகை லாரியில் ஒரே ஒரு பெட்டியின் வாசல் திறந்துகொண்டது. டிரைவர் வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு எதிரே இருந்த ஜவுளிக்கடைக்குள் பாய்ந்தார். அரை மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது சொந்தக் கிளீனருக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. அந்தக் கதை தெரியாத டிரைவர் மாவட்டத்திலேயே கிடையாது.

"ஜக்கரியா இருக்கான்," என்றான் தேவகுமார், சட்டையில் மண்ணைத் தட்டியபடி. "மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தருவான். குவைத்துல நாலு வருஷம் ஒரே ரூம்ல கெடந்தவனாக்கும்."

"அவரு மீன் லாரிக்குல்லா வேலை செய்யது?"

"லாரின்னா எல்லாம் லாரிதான். நீ இரி, நான் போய்ட்டு வாரேன்."

"இரிக்கதா? நானும் வாரேன்," என்று பெமிலா முன்கதவைத் திறந்து ஏறினாள்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்தது ஜக்கரியாவின் பட்டறை. வாசலில் எந்நேரமும் இரண்டு மீன் லாரிகள் ஐஸ் தண்ணீர் சொட்டியபடி நிற்கும். பக்கத்திலேயே அவன் மனைவி ஜஸீனாவின் உதிரிபாகக் கடை. பட்டறையில் என்ன வேலை நடந்தாலும் கடைக்குள் இருந்தபடியே அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு கருத்தும் இருக்கும்.

ஜக்கரியா லாரிக்கு அடியில் குனிந்து, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினான்.

"மெயின் பட்டையும் போச்சு, ரெண்டாம் பட்டையும் போச்சு. மிச்சம் உள்ளது வளைவு செத்துக் கெடக்கு. ஒண்ணு ரெண்டு மாத்துனா நிக்காது மக்கா. ரெண்டு பக்கமும் புதுக் கட்டுதான் போடணும்."

"மத்தியானத்துக்குள்ள நடக்குமா?"

"லே, நீ யாருகிட்டப் பேசுத?"

அவ்வளவுதான். வேலை தொடங்கிவிட்டது. பின் சேஸுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, மரக்கட்டைகளை அடைகொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார்கள். பின் ஆக்சிலுக்கு மேலே இரண்டு பக்கமும், வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தன; அதுதான் லாரியின் ஸ்பிரிங். மேலே நீளமான மெயின் பட்டை, கீழே போகப்போகக் குட்டை. அந்த அடுக்கின் நடுவில் குத்திய சென்டர் போல்ட் ஒன்று. அடுக்கை ஆக்சிலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்த யூ போல்ட்டுகள் இரண்டு. உப்புக்காற்று பட்டு யூ போல்ட் நட்டுகள் இரும்போடு இரும்பாகப் பிடித்துக் கிடந்தன. ஜக்கரியா ஸ்பேனரை வைத்துக்கூடப் பார்க்காமல் காஸ் வைத்து அறுத்தான். பொறி பறந்தது.

ஜஸீனா கடையிலிருந்து புதிய யூ போல்ட் நான்கைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீளம் காணாது," என்றான் ஜக்கரியா, திரும்பிப் பார்க்காமலே. "நீளம் கூடினது எடு."

"இந்த வண்டிக்கு ஏழு பட்டைதானே? ஏழுக்கு இது போதும்."

"நீ கடையைப் பாரு."

"தேனீக்கு எதுக்கு இத்தர நீளம்?"

"லோடு என்னதா இருந்தா என்ன? அடியில பலம் வேணும்."

ஜஸீனா பெமிலாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அந்த நான்கையும் எடுத்துக்கொண்டுபோய் நீளமானவற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெமிலா கேட்க வாயெடுத்தாள். ஆனால் கைக்கடிகாரம் பதினொன்றைக் காட்டியது. கிரேசியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படமும் வந்திருந்தது. பச்சை இலைக்காம்பின் நுனியில் கண்ணாடி மணி போல ஒரு துளி. அதைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

ஒன்றரை மணிக்கு லாரி தரையில் இறங்கியது. தவிடு தின்னக் குனிந்த கோழி மாதிரி முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் அந்தரத்தில் நின்றது.

"பதினோரு பட்டை!" ஜக்கரியா நெஞ்சை நிமிர்த்தினான். "யானையை ஏத்து மக்கா, ஒரு இஞ்சு தாழாது."

துறைமுகத்திலிருந்து எந்த மீன் லாரியும் ஏற்ற வேண்டிய எடையோடு மட்டும் புறப்பட்டதில்லை. ஐஸும் மீனும் கூரை முட்ட ஏற்றித்தான் ஓடும். ஆகவே ஜக்கரியா யார் கேட்காவிட்டாலும் பட்டை கூட்டிப் போடுவான். முன்பின் தெரியாதவருக்கு ஒன்று. பழகியவருக்கு இரண்டு. இதுவரை மூன்றுக்குமேல் யாருக்கும் போட்டதில்லை. குவைத்தில் ஒரே அறையில் கிடந்தவனுக்கு, பக்கத்துக்கு நான்கு.

தேவகுமார் நெகிழ்ந்துபோனான். "நீ மனுசன்லே," என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

திரும்பும்போது கருங்கல் ஊர் வரும் வழியெல்லாம் லாரி குதித்தது. தேவகுமாரின் தலை இரண்டு முறை கூரையில் இடித்தது.

"புதுசுல்லா, அப்படித்தான் இரிக்கும்," என்றான் அவன்.

பெமிலா வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்புறம் போனாள். ஈக்கள் இல்லாத ஒரு காலிப் பெட்டியை எடுத்தாள். ஈக்கள் புதிதாகக் கட்டிய தேனடை ஒட்டிய மரச்சட்டம் ஒன்றை அதற்குள் வைத்தாள். புது அடை அப்பளம் போல வெளுப்பாக இருக்கும். விரல் அழுந்தினால் குழிந்துவிடும். பெட்டியை லாரியின் பின்பக்கம் வைத்து, தானும் ஏறி உட்கார்ந்தாள்.

"சானல் பாலம் வரைக்கும் ஓட்டுங்க. மெதுவாட்டு."

"என்னத்துக்குட்டி? நேரம் கெடக்கா?"

"ஓட்டுங்க பறயேன்."

கிறிஸ்தவ சபைக்கு முன்னாலிருந்த வேகத்தடையிலேயே விடை கிடைத்துவிட்டது. பெட்டி ஒரு சாண் உயரம் எழும்பி, தொப்பென்று விழுந்தது. பெமிலா மூடியைத் திறந்தாள். அடை சட்டத்தைவிட்டுப் பெயர்ந்து அடிப்பலகையில் நொறுங்கிக் கிடந்தது.

அவள் கூரையைத் தட்டி லாரியை நிறுத்தி, உடைந்த அடையைக் கையில் ஏந்திக்கொண்டுபோய்க் கணவனிடம் காட்டினாள்.

"நூத்தி இருவது பெட்டியிலயும் இப்படி விழுந்தா என்ன ஆவும் தெரியுமா? ராணி அடியில பெட்டு நசுங்கிரும். ராணி போனா ஈ எல்லாம் போச்சு. நாம தோட்டத்துல கொண்டு எறக்கது வெறும் மரப்பெட்டியாக்கும்."

தேவகுமார் தொண்டையைச் செருமினான். "கொறச்சு மெதுவாட்டு ஓட்டினா..."

"இதைவிட மெதுவாட்டா? அதுக்கு நான் பெட்டியைத் தலையில வச்சு நடந்தே போயிருவேன். வண்டியைத் திருப்புங்க."

"எங்க?"

"தேங்காய்ப்பட்டணத்துக்கு. பட்டை கூடிப்போய் வண்டி வெறச்சுக் குதிக்குது. கூடினதைக் கழத்தணும்."

"ஏட்டி, அவன் ஆசையாப் போட்டது. நான் எப்படிப் போய்க் கழத்துன்னு பறயதுக்கு? சங்கடப்படுவான்."

"நீங்க பறயாண்டாம். நான் பறஞ்சுக்கிடுதேன்." வழியில் வீட்டு முன் நிறுத்தச் சொல்லி, பெமிலா பின்புறப் பெட்டிகளின் பக்கம் ஓடி, புது அடை கட்டிய இன்னொரு சட்டத்தை எடுத்து வந்தாள். அதில் மேல் ஓரமாகக் கொஞ்சம் தேனும் இருந்தது.

பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். ஜக்கரியா தொழுகைக்குப் போயிருந்தான். ஜஸீனா கடை வாசலுக்கு வந்தாள். லாரியைப் பார்த்தாள், பெமிலாவின் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த அடையைப் பார்த்தாள்.

"குதிக்கா?"

"ஆட்டுக்குட்டி மாதிரி."

"நான் காலத்தயே பறஞ்சேன். அவருக்குப் பட்டை போடப் போடக் கொண்டாட்டம். எனக்க கட்டிலுக்கு மட்டும்தான் இன்னும் போடல்ல."

ஜக்கரியா தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"எனக்க வேலையில இதுவரை ஒருத்தன் திரும்பி வந்து குறை பறஞ்சதில்ல, கேட்டியா? லே தேவகுமாரு, உனக்காக்கும் நாலு பட்டை சும்மா போட்டது!"

"அது எனக்குத் தெரியாதா மக்கா?" தேவகுமார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெமிலா வாதாடவில்லை. அடை ஒட்டிய சட்டத்தை ஜக்கரியாவின் இரண்டு கைகளிலும் கொடுத்தாள்.

"அண்ணே, இதைப் பிடிச்சிட்டுப் பின்னால இருங்க. துறைமுகத்து கேட் வரைக்கும் போய்ட்டு வருவோம். அடை இப்படியே இருந்தா நான் வாயைத் தொறக்கமாட்டேன். உங்க பதினோரு பட்டையோடயே போறேன்."

"இவ்வளவுதானா?" ஜக்கரியா ஒரே தாவில் லாரியில் ஏறி, ஸ்டெப்னி டயர்மேல் கால் மடக்கி உட்கார்ந்தான். சட்டத்தை ஏதோ பரிசுக் கேடயம் போல நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். "போலாம்!"

துறைமுகச் சாலை நாற்பது மீன் லாரிகள் தினமும் உழுத சாலை. முதல் குழியில் ஜக்கரியா "ஓ!" என்றான். இரண்டாவதில் டயரைவிட்டு எழும்பினான். மூன்றாவதில் "நிறுத்துலே! நிறுத்து! நடு முதுகு போச்சு!" என்ற அலறல் கடற்கரை வரை கேட்டது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

லாரி நின்றதும் பெமிலா இறங்கிப் போய்ப் பார்த்தாள். ஜக்கரியாவின் கையில் வெறும் மரச்சட்டம். அடை அவன் மடியில். தேன் சட்டைப் பொத்தான்கள் வழியாக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் விரலால் கொஞ்சம் வழித்து வாயில் வைத்தான். சப்புக்கொட்டினான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"எப்பம் ஏத்தணும்?"

"ஈ எல்லாம் கூட்டுக்கு அடையக்கூடிய நேரத்துக்கு, ஏழு மணிக்கு வாசலை அடைக்கணும். பொறவு ஏத்தணும்."

"இப்பம் மணி நாலு. லே தேவகுமாரு, என்னத்தைப் பாத்திட்டு நிக்க? வண்டியைப் பட்டறைக்கு எடு! ஜஸீனா! ஜாக்கியை உருட்டு!"

இந்த முறை நான்கு பேரும் வேலை செய்தார்கள். தேவகுமார் ஜாக்கியைப் பிடித்தான். பெமிலா கட்டைகளை அடைகொடுத்தாள். ஜக்கரியா காலையில் தானே முறுக்கிய நட்டுகளைத் தானே எதிர்ப்பக்கம் முறுக்கினான். முறுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை பெருமூச்சு விட்டான்.

"ஒம்பது வச்சிக்கிடலாமா?"

"ஏழு," என்றாள் பெமிலா.

"எட்டு. எனக்க மனசுக்கு ஒண்ணு."

"அண்ணே, நூத்தி இருவது பெட்டியும் சேத்து ஒண்ணேகால் டன்னு காணாது. ஏழே கூடுதலாக்கும்."

"ஒண்ணேகால் டன்னா?" ஜக்கரியா ஸ்பேனரோடு அடியிலிருந்து தலையை நீட்டினான். "இஞ்ச மீன் லாரியில டிரைவரும் கிளீனரும் சோத்துப்பாத்திரமுமே அவ்வளவு வரும்!"

வலது பக்கம் சென்டர் போல்ட்டின் கடைசி நட்டைத் தளர்த்தியபோதுதான் அது நடந்தது. பதினோரு பட்டைகளும் ஒன்றாக நெருக்கிக்கொண்டிருந்த வேகத்தில், சென்டர் போல்ட் படீரென்று துள்ளி, தேவகுமாரின் காதோரமாகப் பறந்து, பட்டறை ஓரத்து ஓடையில் விழுந்தது. மீன் கழிவும் ஐஸ் தண்ணீருமாகக் கறுத்துக் கிடந்த ஓடை.

"வேற இருக்கா?" என்றான் ஜக்கரியா.

"ரெண்டுதான் இருந்தது. ரெண்டையும் காலத்த நீங்கதான் வாங்குனீங்க," என்றாள் ஜஸீனா.

மணி ஐந்து பத்து. கருங்கலுக்குப் போய் வாங்கி வர முக்கால் மணி நேரம். தேவகுமார் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்குள் கையை விட்டான். ஒரு நெத்திலிப் பொதியும் ஒரு ரப்பர்ச் செருப்பும் வந்தன.

"மாறுங்க, மாறுங்க." ஜஸீனா கடைக்குள்ளிருந்து ஓடி வந்தாள். பழைய ஸ்பீக்கர் ஒன்றின் காந்தம் அவள் கையில் இருந்தது. அதை நைலான் கயிற்றில் கட்டி ஓடைக்குள் இறக்கினாள். ஒரு முறை இழுத்தாள், ஆணி இரண்டு. இரண்டாவது முறை ஒரு மூடி. மூன்றாவது முறை கயிறு கனத்தது.

"கொத்தியாச்சு!" என்று கத்தினாள் பெமிலா.

காந்தத்தின் நுனியில் சென்டர் போல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டறை வாசலில் மீன் லாரியோடு காத்திருந்த இரண்டு டிரைவர்களும் கைதட்டினார்கள்.

ஜக்கரியா போல்ட்டைக் கழுவித் துடைத்து, கூடுதலாக இருந்த நீளத்தை ரம்பத்தால் அறுத்துத் தள்ளினான். எந்தெந்தப் பட்டைகளைத் தான் இடையில் செருகினான் என்று அவனுக்குத் தெரியாதா? பக்கத்துக்கு நான்காக எட்டையும் உருவிச் சுவரோரம் சாய்த்தான். மிச்சம் ஏழை அடுக்கி, போல்ட்டைக் குத்தி, ஆக்சிலில் உட்காரவைத்தான். நீளமான யூ போல்ட்டை மாட்டி நட்டைத் திருகினான். நட்டு மரை முடியும் இடம் வரை வந்து நின்றுவிட்டது. பட்டைக்கும் நட்டு அழுத்திப் பிடிக்க வேண்டிய தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

"இது பதினொண்ணுக்கு உள்ள நீளம்," என்று முணுமுணுத்தான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஜஸீனா கடைக்குள் போய், காலையில் அவன் வேண்டாமென்று ஒதுக்கிய நான்கு யூ போல்ட்டுகளையும் கொண்டுவந்து, அவன் காலடியில் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒவ்வொன்றும் டங் என்று சத்தமிட்டது. ஜக்கரியா நான்கு சத்தத்தையும் கேட்டுக்கொண்டான்.

"சிரிக்காத," என்றான்.

"நான் எங்க சிரிச்சேன்?"

ஆறே காலுக்குச் சக்கரங்கள் தரையைத் தொட்டன. இப்போது லாரியின் பின்பக்கம் யோக்கியமான உயரத்தில் நின்றது. பெமிலா சொல்லிப் பின் டயர்களில் கொஞ்சம் காற்றையும் இறக்கினார்கள். தேவகுமார் சாவியைத் திருப்பியபோது, கதவைத் திறந்துகொண்டு ஜக்கரியா உள்ளே ஏறினான். கையில் பெரிய ஸ்பேனர்.

"நீ எங்கலே?"

"புதுக் கட்டு கொறச்சு தூரம் ஓடுனா உட்காரும். யூ போல்ட் தளரும். வழியில நான் இறுக்கணும். எனக்க வேலை பாதியில நிக்கப்பிடாது."

"நூத்தி இருவது பெட்டி தேனீயாக்கும்."

ஜக்கரியா ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டான். "கண்ணாடியை ஏத்தி விட்டாப் போதும்."

ஏழு மணிக்கு வீட்டுப் பின்புறத்தில் பெமிலா பெட்டி பெட்டியாக வாசலை அடைத்துக்கொண்டு ஓடினாள். பக்கத்து வீட்டு ஆட்கள் நான்கு பேரும் தேவகுமாரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய் லாரியில் அடுக்கினார்கள். ஜக்கரியா லாரியின் முன்பக்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளிரில் உட்கார்ந்தவன் மாதிரி துண்டால் தலையையும் காதையும் சுற்றிக்கொண்டிருந்தான். கடைசிப் பெட்டி ஏறியதும் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்கள். மணி எட்டு.

லாரி புறப்பட்டது. சபைக்கு முன்னாலிருந்த வேகத்தடை வந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். லாரியின் பின்பக்கம் மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

"கொள்ளாம்!" என்றான் ஜக்கரியா துண்டுக்குள்ளிருந்து. "தொட்டில் மாதிரில்லா போவுது!"

திருவட்டாறு தாண்டியதும் லாரியை ஓரம் கட்டச் சொன்னான். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் புகுந்தான். எட்டு நட்டுகளும் அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று இறுகின. தலைக்கு மேலே ஓர் அடி தூரத்தில் லட்சக்கணக்கான ஈக்கள் இரைந்துகொண்டிருப்பது பலகை வழியாக அவனுக்குக் கேட்டது. வேலையை முடித்துத் தலையை வெளியே எடுத்தபோது, எந்த இடுக்கில் தப்பித்து வந்ததோ, ஒரே ஒரு ஈ துண்டின் மடிப்புக்குள் புகுந்து காதில் கொட்டியது.

அவன் போட்ட கூச்சலில் எதிரே பைக்கில் வந்தவர் பிரேக் பிடித்தார்.

"அழாதீங்க அண்ணே, மருந்து வச்சிருக்கேன்," என்றாள் பெமிலா.

"அழுவல்ல! போல்ட்டு இறுகினதா பாத்துக்கோ, அது போதும்!"

குலசேகரத்துக்கு மேலே தோட்டத்து மண் ரோட்டில் லாரி நடக்கும் வேகத்தில் ஏறியது. ஒவ்வொரு கல்லுக்கும் பெமிலா பின்னால் திரும்பிப் பார்த்தாள். கிரேசி டார்ச்சோடு கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். பத்து மணிக்குள் நூற்று இருபது பெட்டிகளும் மரங்களுக்கு நடுவே வரிசையாக இறங்கிவிட்டன. ஆனால் உள்ளே அடைகள் நிற்கின்றனவா, விழுந்து கிடக்கின்றனவா என்று வெளிச்சம் வராமல் பார்க்க முடியாது. பெமிலா ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டாள். ஒரே சீரான இரைச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

ஐந்தரை மணிக்கு வெளுக்கத் தொடங்கியது. மலைப்பக்கமிருந்து குளிர் இறங்கியது. பெமிலா முகவலையை மாட்டிக்கொண்டு முதல் பெட்டியின் மூடியைத் திறந்தாள். இருப்பதிலேயே இளசான அடை உள்ள பெட்டி அது. விழுவதென்றால் முதலில் விழுவது இதுவாகத்தான் இருக்கும். லாரிக் கண்ணாடிக்குள்ளிருந்து இரண்டு முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றுக்கு ஒரு காது மட்டும் பப்படம் அளவுக்கு இருந்தது.

அவள் நடுச் சட்டத்தை மெதுவாக மேலே இழுத்தாள்.

அடை நேராக, வெளுப்பாக, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. அதன்மேல் ஈக்கள் மொய்த்திருந்தன. அவற்றுக்கு நடுவே, நீண்ட வயிற்றோடு, ராணி எந்தக் கவலையும் இல்லாமல் நடந்துபோனது.

பெமிலா சட்டத்தைத் திரும்ப வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். லாரிக்குள்ளிருந்து ஹாரன் முழங்கியது. ஒரு முறை இல்லை, பத்து முறை.

"ஹாரனை நிறுத்துங்க! ஈ பயந்திரும்!" என்று அவள் சிரித்துக்கொண்டே கத்தினாள்.

அப்போது கேட்டில் இன்னொரு ஹாரன் கேட்டது. ஆயிரம் பெட்டிக்காரரின் லாரி. மணி ஆறாக இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. அதன் டிரைவர் இறங்கி வந்து, மரங்களுக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்ற பெட்டிகளைப் பார்த்தார். கிரேசியைப் பார்த்தார். கிரேசி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள்.

ஜக்கரியா மட்டும் லாரியைவிட்டு இறங்கி, வீங்கிய காதோடு அந்த லாரியின் பின்பக்கம் போனான். குனிந்தான். விரலைவிட்டு எண்ணினான்.

"அண்ணாச்சி," என்று அந்த டிரைவரைக் கூப்பிட்டான், அக்கறையான குரலில். "தேனீக்கு எதுக்கு இத்தர பட்டை?"

பெமிலா அதைக் கேட்கவில்லை. வரிசையின் முதல் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு அவள் வாசலைத் திறந்துகொண்டிருந்தாள். முதல் ஈ வெளியே வந்தது. பெட்டிக்கு நேராக முகத்தைத் திருப்பி, புது இடத்தை மனத்தில் பதித்துக்கொள்வதுபோல் அங்குமிங்கும் ஆடிப் பறந்தது. பிறகு மேலே, பச்சை இலைகளை நோக்கி ஏறியது. அதன்பின்னே இன்னொன்று. பின்னே பத்து. அவள் எழுந்து இரண்டாவது பெட்டிக்கு ஓடினாள்.